மதுவிலக்கு ஆணைக்கு ஊற்றிய எழுபது கலங்கள்

நலம் நிறைக. நாடு தழைக்க. ஆறு கரை மீறாதிருக்க.

ஏழு மலைக்கும் ஐந்து துறைக்கும் உரியவரும், நெடுமதில் மாநகரத்து வெற்பரியணையில் வீற்றிருந்து பகைவர் அஞ்சவும் குடிகள் அஞ்சாமலும் ஆள்பவரும், தண்பொறை நாட்டின் முடிமன்னருமாகிய கோ இளவெற்பத் தேவரின் திருச்சமூகத்துக்கு, கரும்பாற்றின் இரு கரையையும் காத்து நெல்லிமுனைக் கோட்டையிலிருந்து ஆட்சி செய்யும் தமக்கை, கோநங்கை நல்லினி, தன் கையால் எழுதும் ஓலை. தங்கள் முடி வாழ்க. அரண்மனைப் பெண்டிரும் பிள்ளைகளும் யானைகளும் குதிரைகளும் நலமென்று கேட்க விழைகிறேன். இங்கும் அனைவரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவது மரபு. அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை.

தன் கையால் எழுதுவானேன் என்று அவையோர் வியப்பார்கள். முறைப்படி ஓலை எழுத்தர் சேந்தனாரே இதை எழுதியிருக்க வேண்டும். மூன்று ஏடுகளை அவர் முன் வைத்தேன். மூன்றிலும் எழுத்தாணி ஏட்டைத் துளைத்து மறுபுறம் வந்தது. கைநடுக்கம் வாதத்தால் வந்தது என்று அவர் பணிவுடன் தெரிவித்தார். காலையில் ஒரு கலயம் இறங்கினால் நின்றுபோகும் வாதம் அது என்று அவர் மனைவி அதைவிடப் பணிவுடன் தெரிவித்தாள். ஆகவே எழுத்தாணி என் கைக்கு வந்தது. எழுத்து அழகாக இராது, நேராக இருக்கும்.

இது பேரவையில் உரக்க வாசிக்கப்படும் ஓலையாதலால் தங்களை மன்னர் என்றும் தேவர் என்றும் முறையாக விளித்தே எழுதுகிறேன். இடையிடையே தமக்கையின் குரல் கேட்குமாயின் அவையோர் கேளாததுபோல் இருக்கக் கடவர். ஓலை வாசகர் எந்த வரியையும் விழுங்கலாகாது. ஓலையின் முடிவில் இரண்டு முத்திரைகள் இருக்கக் கண்டு அவர் திகைக்கவும் வேண்டாம்; இரண்டாவது எதற்கென்று அங்கே சொல்லியிருக்கிறேன்.

ஆவணித் திங்கள் பத்தாம் நாள் தங்கள் நான்காம் மதுவிலக்குத் திருமுகம் நெல்லிமுனை வந்து சேர்ந்தது. எவரும் மது காய்ச்சவும் விற்கவும் பருகவும் கூடாது, மீறினவர்க்குக் கசையடி என்ற அதே ஆணைதான். முதல் ஆணையில் ஆறு அடி, இரண்டாவதில் எட்டு, மூன்றாவதில் பத்து, இதில் பன்னிரண்டு. சொற்கள் கம்பீரமாக இருந்தன. முத்திரை தெளிவாக இருந்தது. அதை நாங்கள் எவ்வாறு ஏற்றுக்கொண்டோம் என்பதை அரியணையில் இருப்பவர் ஒருமுறையாவது அறிந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டில் அரச ஓலை வந்தால், ஊர் எல்லையில் பறை முழக்கிக் குடை பிடித்து எதிர்கொண்டு, யானையின் பிடரியில் ஏற்றி வலம் செய்து, சபையின் நடுவே வைக்க வேண்டும். இதுவரை ஒரு குற்றமும் இல்லை. அடுத்து, ஓலை கொணர்ந்தவனுக்கு நாடாள்பவர் தம் கையாலேயே ஒரு கலம் நிறையத் தேறல் வார்த்துத் தர வேண்டும். அவன் குடித்துக் கலத்தைக் கவிழ்த்துக் காட்டியபின், சபையாரும், சாட்சியாக நிற்கும் ஊர்க்காவலர், ஏரிக்காவலர், துறைக்காவலர் யாவரும் ஆளுக்கொரு கலம் பருக வேண்டும். இதற்கு ஏற்புக்கலம் என்று பெயர். பருகாதவர் ஆணையை ஏற்காதவர். ஓலை கண்டோம், கலம் கொண்டோம் என்று அனைவரும் கையொப்பம் இட்ட பிறகுதான் எந்த ஆணையும் நடப்புக்கு வரும். அதாவது, மன்னரே, குடிக்கக் கூடாது என்ற தங்கள் ஆணை, ஊரே குடித்து முடித்தால்தான் செல்லுபடியாகும்.

இதை எழுதும்போதே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஒரு கையில் எழுத்தாணி இருப்பதால் அடக்கிக்கொண்டேன்.

இம்முறையாவது கலம் இன்றி ஓலையை ஏற்கலாகாதா என்று சபைத் தலைவர் பூதன் கிழாரை அழைத்துக் கேட்டேன். ஏனைய ஆணைகளுக்கெல்லாம் கலம் கொண்டுவிட்டு மதுவிலக்கு ஆணைக்கு மட்டும் மறுப்பது அந்த ஆணையை மட்டும் இழிவு செய்வதாகும் என்றும், மன்னர் இத்தனை அக்கறையோடு நான்கு முறை அனுப்பிய திருமுகத்துக்கு வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக மரியாதை செய்வதே குடிகளின் கடமை என்றும் அவர் கைகட்டி வாய்பொத்தி விண்ணப்பித்தார். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் கபடம் பேசவில்லை; மெய்யாகவே அப்படித்தான் எண்ணுகிறார்கள். அன்றைய மரியாதைக்கு அறுபத்துமூன்று குடங்கள் ஆயின. முதல் ஆணைக்கு இருபது குடம் போதுமானதாக இருந்தது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அன்று நண்பகலில் சாட்சிக்கு நின்றவர்களுள் ஒருவன் துறைக்காவலன் அம்பலன். கரும்பாற்றில் மணல்திட்டு எந்த வாரம் எங்கே நகரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஓடக்காரன். பிற்பகலில் தென்கரை வயல்களில் களைபறித்த பெண்கள் பதினேழு பேரை ஏற்றிக்கொண்டு அவன் ஓடத்தைத் திருப்பினான். முந்தின வாரம் அவனே கொம்பு நட்டு அடையாளம் வைத்த திட்டின்மேல், பட்டப்பகலில், நேராகக் கொண்டுபோய் ஏற்றினான். ஓடம் புரண்டது. பதினாறு பேர் கரையேறினார்கள். செம்பி என்பவள் ஏறவில்லை. அவளுக்கு இரண்டு பெண்மக்கள் இருக்கிறார்கள்.

விசாரணையில் அம்பலன் எதையும் மறைக்கவில்லை. மனைவியின் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தபின் இரண்டு திங்களாகத் தான் ஒரு துளியும் தொடவில்லை என்றும், அன்று அரசர் ஆணை வந்ததால் மறுக்க அஞ்சிக் கலத்தை வாங்கினதாகவும், ஒன்றோடு நிற்கும் என்று நம்பியது நிற்காமல் போனதாகவும் அவன் சொன்னான். அக்கம்பக்கத்தார் அனைவரும் அது உண்மையென்று சாட்சி கூறினர். இவனுக்கு நான் என்ன தண்டனை விதிக்க வேண்டும் என்று தங்கள் பேரவைதான் சொல்ல வேண்டும். குடித்ததற்குப் பன்னிரண்டு கசையடி என்று எந்த ஏடு சொல்கிறதோ அந்த ஏட்டுக்காகத்தான் அவன் குடித்தான். நான் கசையை எடுக்கவில்லை. அவன் ஓடக்கோலைத் தொடுவதில்லை. நாள் முழுதும் துறையில் உட்கார்ந்து அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இதெல்லாம் குடிசைகளின் நோய் என்று தலைநகரில் சிலர் பேசுவதாகக் கேள்வி. புரட்டாசியில் பதினைந்து நாள் பல்லக்கை விட்டிறங்கி இவ்வூர்த் தெருக்கள் அனைத்தையும் நடந்தே பார்த்தேன். பனையேறிகள் தெருவில்தான் குடி குறைவு. தலை சுற்றினால் கீழே விழுவோம் என்று அவர்களுக்குத் தெரிகிறது. மற்றபடி வீட்டுக்கு ஒருவரேனும் இல்லாத தெரு இல்லை. வழக்குத் தீர்க்கும் மன்றத்தில் முற்பகலில் ஒரு நியாயம், பிற்பகலில் வேறொரு நியாயம். அதைத் தெரிந்துகொண்ட வழக்காளிகள் பொழுது புலரும்போதே வந்து வரிசை பிடிக்கிறார்கள். யானைக்கொட்டிலில் பாகன் எழுந்திருக்க மாட்டான் என்று அறிந்த பட்டத்து யானை, தானே நீர்த்துறைக்குப் போய்க் குளித்துத் தானே திரும்பி வருகிறது. அக்கொட்டிலில் கடமை தவறாத ஊழியர் அந்த யானை ஒன்றே. அதற்கு ஏதேனும் பட்டம் வழங்குமாறு பரிந்துரைக்கிறேன்.

கள்ளோடு முடிந்தாலும் பரவாயில்லை. கீழ்த்திசையிலிருந்து வரும் படகுகள் இரண்டாண்டாக அபின் உருண்டைகளை இறக்குகின்றன. நாற்று நடும் பெண்கள் இடுப்பு வலிக்கென்று மிளகளவு விழுங்கத் தொடங்கினார்கள். வலி போயிற்று, மறுநாள் அது இல்லாமல் குனிய முடியவில்லை. பிறகு, வயலுக்குப் போய் வரும்வரை அழாமல் கிடக்கட்டும் என்று பிள்ளையின் நாவிலும் தொட்டு வைத்தார்கள். கீழைத்தெருவில் ஒரு பகல் முழுதும் நின்றேன். பதினொரு தொட்டில்கள் இருந்தன. ஒரு குழந்தையும் அழவில்லை, ஒரு குழந்தையும் கால் உதைக்கவில்லை. மன்னரே, அந்தத் தெருவில் அன்று அழுதவள் நான் ஒருத்திதான். நம் மருத்துவர் நன்னாகனார் அவற்றுள் மூன்று குழந்தைகளுக்கு மூச்சே மெலிந்திருப்பதாகச் சொல்லிக் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

தங்கள் ஆணைகள் நான்கிலும் அபின் என்ற சொல்லே இல்லை. ஏன் இல்லையென்று எனக்குத் தெரியும். நம் சிற்றப்பா தேவர் முழங்கால் வலிக்கென்று தொடங்கினார். முழங்கால் ஆறிப் பல ஆண்டுகள் ஆயின. அவர் இப்போது தங்கள் வலப்புறம் அமர்ந்திருப்பார். விழித்திருப்பாராயின் என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

ஏற்புக்கலத்தை எந்த அரசர் வகுத்தார் என்று அறிய ஆவணக்கொட்டிலில் இருந்த செப்பேடு அனைத்தையும் இறக்கிப் பார்த்தேன். எதிலும் இல்லை. நில எல்லை இருக்கிறது, நீர்ப்பங்கு இருக்கிறது, எந்தத் திருவிழாவில் யார் முன்னே நடப்பது என்பதுகூட இருக்கிறது. கலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆவணக் காப்பாளர் தம் முன்னோர் வழியாகக் கேட்டதைச் சொன்னார். ஓர் ஐப்பசி அடைமழையில், ஓலை கொணர்ந்தவன் ஒருவன் சொட்டச் சொட்ட நனைந்து சபையில் நடுங்கி நின்றானாம். பார்த்துப் பொறுக்காமல் யாரோ ஒருவர் உடல் சூடேற ஒரு மிடறு கொடுத்தாராம். அடுத்து வந்தவனுக்குக் கொடுக்காவிட்டால் குறையென்று அவனுக்கும் கொடுத்தார்கள். அவ்வளவுதான். ஒரே ஒருவனுக்கு ஒரே ஒரு நாள் குளிரெடுத்தது. நூறாண்டாக நாடே குடித்துக்கொண்டிருக்கிறது.

இனி, இந்த ஓலையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

இதைக் கொண்டுவந்து தங்கள் முன் நிற்பவனைத் தாங்கள் அறிவீர்கள். நக்கன் காரி. தங்கள் ஏழாம் வயதில் காய்ச்சல் கண்டு மருத்துவர்கள் கைவிரித்தபோது, மூன்று நாள் வழியை ஒன்றரை நாளில் ஓடி, மேற்கு மலையிலிருந்து வேர் கொண்டுவந்தவன் அவன்தான். தங்களுக்கு நினைவில்லாமல் இருக்கலாம். தங்கள் தலைமாட்டில் இருந்த எனக்கு நினைவிருக்கிறது. அவன் கால் புண்ணாகி ஒரு திங்கள் படுத்திருந்தான். அப்போதும் அவன் கேட்டது மோர்தான்.

நெடுமதிலிலிருந்து நெல்லிமுனைக்கு ஒன்பது சாவடிகள். ஒவ்வொரு சாவடியிலும் அரச ஓலைக்கு மரியாதையாக அதைக் கொண்டுவருபவனுக்கு ஒரு கலம். இங்கு வந்ததும் என் கையால் ஒரு கலம். மறுமொழியோடு திரும்பும்போது மீண்டும் ஒன்பது. அங்கே அவையில் ஓலை வாசித்து முடிந்ததும் தங்கள் திருக்கரத்தால் ஒரு பொற்கலம். ஒரு மதுவிலக்கு ஆணை போய்வர இருபது கலங்கள். மூன்று ஆணைகள் போய்வந்து, நான்காவது வந்து சேர்ந்தபோது எழுபது கலங்கள் அவன் வயிற்றில் இறங்கியிருந்தன. அந்த எழுபதையும் அரசாங்கம் ஊற்றியது. எழுபதுக்குப் பிறகு உடம்பு சும்மா இருக்குமா? மிச்சத்தை அவனாகவே தேடிக்கொண்டான். இந்நாட்டில் தங்கள் மதுவிலக்கால் நேரடியாகக் குடிகாரனாக்கப்பட்ட முதல் மனிதன் என்று அவனைக் குறிப்பிடலாம்.

நான்காம் ஆணையோடு அவன் வந்தபோது ஓலைக்குழல் கழுத்தில் தலைகீழாகத் தொங்கியது. யானையின் முன் வணங்க வேண்டியவன், யானையின் முன் உட்கார்ந்துவிட்டான். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மரபுப்படி கலத்தை நிறைத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சிந்தியது. சிந்தியதற்காக மறுபடி நிறைத்தேன், ஏனெனில் அதுவும் மரபு. இந்த ஓலையில் நான் யார் யாரையோ வைகிறேன். அந்த இரண்டாம் கலத்தை ஊற்றிய கை என்னுடையது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கூசுகிறது.

மூன்றாம் நாள் அவன் மனைவி எயினி கோட்டைக்கு வந்தாள். அவர்கள் வீடு ஐந்தாம் சாவடியின் எதிரில் இருக்கிறது. ஓலையோடு வந்த அவள் கணவன், தன் வீட்டு வாசலிலேயே நின்று அவளைப் பார்த்து, நெல்லிமுனைக்கு வழி எது என்று கேட்டிருக்கிறான். அவள் கைநீட்டி வழி காட்டியிருக்கிறாள். அவன் வாழ்த்திவிட்டுப் போயிருக்கிறான். அதன்பின் அவள் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு நாள் நடந்து இங்கு வந்தாள். தன் கணவனுக்கு வேறு வேலை தருமாறு கேட்க வரவில்லை என்றும், குடிக்கக் கூடாது என்று அரசர் ஓலை எழுதுவதை நிறுத்தினால் போதும், அவள் வீட்டில் குடி தானே பாதியாகக் குறையும் என்றும் அவள் என் முகத்துக்கு நேரே விண்ணப்பித்தாள். பேரவையின் அறிஞர்கள் பத்துத் திங்களாகக் கூடிக் காணாததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

காரியைக் கோட்டைக்குள்ளேயே நிறுத்திக்கொண்டேன். ஒரே நாளில் முற்றும் நிறுத்தினால் இவ்வளவு ஊறிய உடம்பு தாங்காது, உயிருக்கே கேடு என்று நன்னாகனார் எச்சரித்து, அளவு பார்த்துச் சிறிது சிறிதாகக் குறைத்தார். முதல் பத்து நாள் அவன் பட்டதை எழுத வேண்டியதில்லை. இல்லாத எறும்புகளை உடம்பெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான் என்று மட்டும் சொல்கிறேன். கசையடி இருபது கொடுத்தாலும் அதில் கால்பங்கு வேதனை வராது. ஆகவே தங்கள் கசை எவரையும் அச்சுறுத்தவில்லை என்பதையும் அறிக. இருபதாம் நாள் கஞ்சி தங்கியது. முப்பதாம் நாள் எயினியைப் பெயர் சொல்லி அழைத்தான். நாற்பதாம் நாள் கோட்டை மதிலை ஒருமுறை ஓடிச் சுற்றினான். மேலிருந்து பார்த்த காவலர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். இன்று ஐம்பத்தாறாம் நாள். கடைசி முப்பத்திரண்டு நாளாக அவன் நாவில் ஒரு துளியும் படவில்லை.

இவ்வோலையை வேறு எவரிடமாவது தரலாம் என்றுதான் இருந்தேன். காரியே வந்து கேட்டான். மதிலுக்குள் குடிக்காமல் இருப்பது மதிலின் திறமை, தன்னுடையது அன்று என்றும், ஒன்பது சாவடியையும் வாய் திறவாமல் கடக்க முடிந்தால்தான் தான் பிழைத்தவன் என்றும் அவன் கூறினான். நன்னாகனார் கூடவே கூடாது என்றார். எயினி முதலில் மறுத்தாள். பிறகு, தானும் கூடவே நடப்பதானால் சரி என்றாள். ஆகவே அவன் இம்முறை ஓடவில்லை. அவள் நடைக்கு ஏற்ப நடந்து வருகிறான். ஓலை தாமதமானதற்கு அதுவே காரணம்.

சாவடிக்கு ஒன்றாக ஒன்பது நறுக்கோலை எழுதி, இவனுக்குக் கலம் தரற்க என்று ஆணையிடலாம் என எண்ணினேன். அந்த ஒன்பதுக்கும் ஒன்பது ஏற்புக்கலம் நடக்குமே என்று உறைத்ததும் எழுத்தாணியைக் கீழே வைத்தேன். சாவடிகளை எயினி பார்த்துக்கொள்வாள். இடுப்பில் தண்ணீர்க்குடமும் வாயில் சொல்லும் அவளிடம் இருக்கின்றன. இனி அவ்வழியே போவோர் சாவடித் தலைவர்களின் நலத்தை விசாரித்தருளவும்.

ஆனால் அரண்மனையின் மூன்றாம் வாயிலுக்கு அப்பால் அவளை விட மாட்டார்கள். அவைக்குள் அவன் தனியாகத்தான் வர வேண்டும். ஓலை வாசித்து முடியும்போது கலம் ஏந்துபவர் பொற்கலத்தோடு தங்கள் அருகே வந்து நிற்பார். தாங்கள் அதை வாங்கி நீட்டுவீர்கள். மன்னர் தரும் கலத்தை மறுப்பது அரச நிந்தை. வாங்கிக் குடித்தால் ஐம்பத்தாறு நாளும் ஆற்றோடு போயிற்று. மறுபடி ஒருமுறை அவனை மீட்க முடியாது என்று நன்னாகனார் உறுதியாகச் சொல்லிவிட்டார், ஈரல் அந்த நிலையில் இருக்கிறது. மறுத்தால் தண்டனை, ஏற்றால் சாவு. இரண்டுக்கும் நடுவே இந்த ஓலை மட்டுமே அவன் பக்கம் நிற்கிறது.

மன்னர் கை நீட்டிய பின் மடக்கும் மரபு இல்லையே என்று பேரமைச்சர் இந்நேரம் தொண்டையைச் செருமுவார். அவர் அமர்க. நம் தந்தையார் முடியைத் தங்களுக்கும், மூத்தவளான எனக்கு ஒரே ஒரு சொல்லையும் விட்டுச் சென்றார் என்பது அவர் அறிந்ததே. ஓர் ஆட்சியில் ஒருமுறை தமக்கை இடும் ஆணைக்கு மன்னரும் மறுப்பின்றிக் கட்டுப்பட வேண்டும். அதற்குரிய வெண்கல முத்திரை பதினோராண்டாக என் பெட்டியில் உறங்குகிறது. நான் அதை வைத்து மேற்கு மலையைக் கேட்பேன் என்று சிலர் காத்திருந்தார்கள். என் மகளுக்குப் பட்டம் கேட்பேன் என்று சிலர் அஞ்சினார்கள். ஓலை சுமப்பவன் ஒருவனின் கையில் இருக்கும் ஒரு கலத்துக்காக அதைச் செலவழிப்பேன் என்று ஒருவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நானும் எண்ணவில்லை.

ஆகவே தமக்கையின் ஆணை இது. ஏற்புக்கலம் இன்றோடு இந்நாட்டில் ஒழிக. ஒழிந்ததைக் கொண்டாட எவரும் எதையும் பருகற்க. இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே நம் நிலை. ஐந்தாம் மதுவிலக்கு ஓலை எழுதலாகாது. கசையை உறையிலிட்டு, அந்தக் கைகளைக் கொண்டு சாவடிதோறும் ஒரு மருத்துவச் சாலை எழுப்புக. நன்னாகனார் எட்டுப் பேருக்குப் பயிற்சி தரக் காத்திருக்கிறார். அபின் படகுகளைத் துறையிலேயே நிறுத்துக. சிற்றப்பா தேவரையும் முதல் மருத்துவச் சாலைக்கு முதல் ஆளாக அனுப்புக. இவ்வோலைக்கு மறுமொழி வேண்டா. மறுமொழி எழுதினால் அதை எவரேனும் சுமக்க வேண்டும்.

நெல்லிமுனைக் கோட்டையிலிருந்து, ஐப்பசித் திங்கள் ஐந்தாம் நாள், பெருமழை தொடங்கும் முன், என் கையெழுத்தும் கரும்பாற்று நாட்டு முத்திரையும் இட்டு, அதன்கீழ்த் தந்தையார் தந்த வெண்கல முத்திரையும் இட்டேன். இவ்வாணை மலையும் ஆறும் உள்ளளவும் நிற்க.

முத்திரைக்குக் கீழே எழுதியதையும் ஓலை வாசகர் வாசிக்க வேண்டும்.

இப்போது பொற்கலம் உன் அருகே வந்திருக்கும். காரியைப் பார். அவன் கை நடுங்கினாலும் நடுங்கும். அவன் பார்வை கலத்தின் மேல்தான் இருக்கும், அதற்காக அவனைக் குறை நினைக்காதே. கலத்தை நீயே உன் கையால் வாங்கி, அவன் காணும்படி கீழே வை. ஒன்பது சாவடியையும் வெறும் வாயோடு கடந்து வந்திருக்கிறான், தாகமாக இருப்பான். எழுந்துபோய்த் தண்ணீர் கொடு, தம்பி.